சுட்டுவிரலும் சோற்றுத்தட்டும்

1

எங்க அப்பா எந்தக் கடையிலும் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததில்லை. விரலை நீட்டுவார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற வடை, கயிற்றில் தொங்குகிற வாழைத்தார், பாட்டிலில் கிடக்கிற பொரை, எதுவானாலும் விரல்தான். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு கடைக்காரர், 'என்ன வேணும்னு வாயத் தொறந்து சொல்லுங்கண்ணே' என்று ஒருமுறை அலுத்துக்கொண்டார். அப்பா சிரித்தபடி மறுபடியும் விரலைத்தான் நீட்டினார். அப்போது நான் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஏம்ப்பா, வாய் இல்லையா உனக்கு?

'கை நீட்டுனா படும்டா. வெரலு நீட்டுனா படாது' என்றார்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. அப்பா பையனாக இருந்த காலத்தில் ஊர்த்தெருவில் ஒரே ஒரு டீக்கடை. சேரி ஆள் கூரைக்கு வெளியே நிற்க வேண்டும். காசைக் கல்மேல் வைக்க வேண்டும். டீயை உயரத்திலிருந்து கொட்டாங்குச்சியில் ஊற்றுவார்கள். சிந்துவது சிந்தினதுதான். வடை வேண்டுமென்றால் தூரத்திலிருந்து விரலால் காட்ட வேண்டும், கிழிந்த பேப்பரில் வைத்துக் கீழே போடுவார்கள். பிறகு கொட்டாங்குச்சி போய் அலுமினிய டம்ளர் வந்தது. அது கூரை எறவாணத்தில் சொருகியிருக்கும். நாமே எடுத்து, கழுவி, குடித்து, கழுவி, மறுபடி சொருகிவிட்டு வர வேண்டும். அதைத்தான் அப்பா தலைமுறை 'முன்னேற்றம்' என்று நினைத்தது. 'கொட்டாங்குச்சியில ஓட்ட இருந்தா ஒழுவும். டம்ளரு ஒழுவாது பாரு' என்பார்.

அந்த விரலை நான் மறந்தே போயிருந்தேன். கடல் தாண்டி ஒரு சோத்துக்கடையில் என் விரலே நீண்டபோதுதான் நினைவு வந்தது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது என்கிற சாதாரண விஷயத்துக்குப் பின்னால் எவ்வளவு வரலாறு கிடக்கிறது என்று யோசித்து எழுதுவதுதான் இந்தக் கட்டுரை.

2

என் தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். எங்கள் இரண்டு மாவட்டத்திலும் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவே கிடையாது. 'ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போண்ணே' என்று டிக்கெட் அனுப்பினான். பத்து நாள் இருந்தேன்.

அவன் சாப்பாட்டை முதலில் சொல்ல வேண்டும். மூன்று வேளைக்கும் கேட்டரிங் பொட்டலம். மதியச் சோறு விடிவதற்கு முன்பே வந்துவிடும். அதைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய் பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சாம்பார் நுரை கட்டியிருக்கும். 'மூக்கப் புடிச்சுக்கிட்டுத் தின்னா ஒண்ணும் தெரியாதுண்ணே' என்றான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சூடான சோறு. அன்றைக்கு நம் ஆட்கள் எல்லாம் தேக்கா பக்கம், லிட்டில் இந்தியாவுக்குப் போவார்கள். தம்பி என்னை ஆர்ச்சர்ட் ரோட்டில் இருக்கிற லக்கி பிளாசாவுக்குக் கூட்டிப்போனான். 'நம்ம சாப்பாடு ஊர்ல திங்கலாம். இத வந்து பாரு.'

லக்கி பிளாசா 1978-இல் கட்டிய அடுக்குமாடிக் கடைவீதி. ஞாயிற்றுக்கிழமையானால் அது பிலிப்பைன்ஸ்காரர்களின் ஊர். வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிற கடை, பெட்டி கட்டி அனுப்புகிற கடை, நடுநடுவே சோத்துக்கடைகள். தம்பியின் ஃபோர்மேன் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். அவர்தான் முதன்முதலில் இவனை இங்கே கூட்டிவந்தவர்.

பத்துப் பன்னிரண்டு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, ஏ.சி.யையும் மீறின புழுக்கம். வாசலிலேயே கண்ணாடிக்குப் பின்னால் குழம்பும் கறியும் பாத்திரம் பாத்திரமாக வரிசையாக இருந்தன. மெனு கார்டு யாரும் நீட்டவில்லை. எனக்குப் பெயர் தெரியாது, மொழியும் தெரியாது. பரிமாறுகிற அம்மா கரண்டியோடு என்னைப் பார்த்தார். என்னையறியாமல் விரல் நீண்டது. அது, அப்புறம் அது.

தம்பி சிரித்துவிட்டான். 'அப்பா மாதிரியே நீட்டுறண்ணே.'

பிறகுதான் சொன்னான், இந்த மாதிரிக் கடைக்குப் பெயரே அதுதானாம். அவர்கள் பாஷையில் 'துரோ' என்றால் சுட்டிக் காட்டுவது. 'துரோ-துரோ' என்றால் காட்டிக் காட்டி வாங்குகிற சோத்துக்கடை. மணிலாவில் தெருவுக்குத் தெரு இருக்கும். டிரைவர், மாணவர், ஆபீஸ் போகிறவர் எல்லோரும் விரலைத்தான் நீட்டுவார்கள். நீட்டினதும் தட்டு கைக்கு வரும், கைக்கு வந்த தட்டோடு உள்ளே போய் உட்காரலாம். எனக்கு முன்னால் நின்ற பெண் நீட்டினாள், பின்னால் நின்ற வெள்ளைச் சட்டைக்காரரும் நீட்டினார். அப்பா ஆயுள் முழுக்கக் கூரைக்கு வெளியே நின்று நீட்டின அதே விரல்தான்.

தட்டில் என்னென்ன இருந்தது என்று சொல்கிறேன். சினிகாங் என்று ஒரு புளித்தண்ணிக் குழம்பு. நம் புளியங்காய்தான். மீனோ பன்றிக்கறியோ போட்டு, கீரையும் முள்ளங்கியும் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். அடோபோ என்று வினிகரும் சோயாவும் பூண்டும் மிளகும் போட்டு வற்றவைத்த கறி. புட்டோ என்று அரிசிமாவை ஆவியில் வேகவைத்த பணியாரம். இட்லிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. காரே-காரே என்று மாட்டு வாலும் குடலும் போட்டு, வாழைப்பூவும் கத்திரிக்காயும் சேர்த்து, நிலக்கடலை அரைத்து ஊற்றின குழம்பு. கடைசியாகக் கறுகறுவென்று ஒரு குழம்பு, மேலே நீளமான பச்சைமிளகாய்.

'அது என்னடா?'

தம்பி என் காதோரம் வந்து, 'பன்னி ரத்தம்ணே' என்றான். சொன்ன பிறகு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். பக்கத்து மேசையில் நாலு பெண்கள் அதையேதான் புட்டோவில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். 'ஏண்ணே நான் மெதுவாச் சொல்றேன்?' என்று அவனே கேட்டுக்கொண்டு, உரக்கச் சொன்னான்: 'பன்னி ரத்தம்!'

தினுகுவான் என்று அதற்குப் பேர். 'துகோ' என்றால் ரத்தம். குடலையும் கறியையும் ரத்தத்திலேயே வேகவைத்து வினிகர் ஊற்றிப் புளிக்க வைக்கிறார்கள். நான் ஒரு வாய் வைத்தேன். எங்க ஆயா செய்வது சுக்காவாக, சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டுப் பொடித்துப் பொடித்து இருக்கும். இது குழம்பு, புளிப்பு. ஆனாலும் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து மேசைப் பெண் தன் தட்டைக் காட்டி, 'காயின் தாயோ, குயா' என்றாள். வாங்க அண்ணே, சாப்பிடலாம் என்று அர்த்தம். அவர்கள் சாப்பிடும்போது யார் கடந்துபோனாலும் அப்படிக் கூப்பிடுவது வழக்கமாம். நாங்கள் என்ன ஆளுங்க என்று அவள் கேட்கவில்லை.

இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. 1762-இல் ஆங்கிலேயர்கள் மணிலாவைப் பிடிக்கப் படை அனுப்பினார்கள். அந்தப் படை கிளம்பினது நம்ம மதராஸிலிருந்து. மதராஸ் சிப்பாய்களும் அதில் போனார்கள். 1764-இல் ஆங்கிலேயர் திரும்பியபோது சில சிப்பாய்கள் திரும்பவில்லை. மணிலாவை ஒட்டியிருக்கிற கைந்தா என்ற ஊரில் தங்கி, பெண் கட்டி, அந்த மண்ணோடு கலந்துவிட்டார்கள். 'கறி'தான் காரே-காரே ஆனது, அது அந்தச் சிப்பாய்கள் வைத்த குழம்பு என்று ஒரு கதை அங்கே சொல்லப்படுகிறது. மாட்டு வால் குழம்பு! 'மாட்டுக்கறி தமிழன் சாப்பாடு இல்லை' என்று நம்மிடம் வகுப்பு எடுக்கிறவர்கள் அந்தத் தட்டைப் பார்க்க வேண்டும். பதிலுக்கு நமக்கும் ஒன்று வந்தது. கடலூர், விழுப்புரம் பக்கம் நிலக்கடலையை 'மல்லாட்டை' என்பார்கள். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. எம்.ஏ. தமிழ் படித்ததற்கு இதையாவது சொல்ல வேண்டுமே.

3

நம் ஊர் ஓட்டல் வரலாற்றை எழுதுகிறவர்கள் காப்பியில் தொடங்கி மசால் தோசையில் முடிப்பார்கள். யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், யார் வாசலுக்கே வர முடியவில்லை என்று எழுதினால் அது வேறு வரலாறாக இருக்கும்.

1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொது ரோடு, பொதுக் கிணறு, பொது இடங்களில் தாழ்த்தப்பட்டவர்கள் போகலாம் வரலாம் என்பதுதான் அது. ரோட்டில் நடக்கவே ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. அதே காலத்தில்தான் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிப்பந்தி என்ற சண்டை வெடித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். சுயமரியாதை இயக்கத்தின் விதைகளில் ஒன்று அந்தப் பந்தியில் விழுந்தது. ஆனால் அது பிராமணர், பிராமணரல்லாதார் வழக்காகவே நடந்தது. சேரிப் பிள்ளைக்கு எந்தப் பந்தி என்ற கேள்வி அதன் நடுவுக்கு வரவில்லை.

1927 மார்ச் 20-இல் மகாடில் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். தண்ணீர் குடித்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததையும் நினைக்க வேண்டும். மாநாட்டுப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைச் சாதி இந்துக்கள் அடித்தார்கள், சோற்றை மண்ணில் தள்ளினார்கள். தீண்டப்படாதவன் பலர் பார்க்க உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பதையே அவர்களால் தாங்க முடியவில்லை.

1938-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் சிவில் உரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. ரயில்வே ஸ்டேஷன் ஓட்டல்களில் பிராமணருக்கு ஒரு இடம், 'இதராளுக்கு' ஒரு இடம் என்று இருந்த பிரிவினை பெரியார் இயக்கத்தின் எதிர்ப்புக்குப் பிறகு 1941-இல்தான் ஒழிந்தது. ஒரே டிக்கெட், ஒரே வண்டி, இறங்கினால் இரண்டு பந்தி. 1950-இல் அரசியல் சட்டம் வந்தது. அதன் 15-ஆம் பிரிவு கடை, ஓட்டல், சிற்றுண்டிச்சாலை என்று பேர் சொல்லியே எழுதியது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி உள்ளே போனது. ஓட்டலுக்குள் நுழைவதை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அங்கே பொதுமக்களுக்கு வைத்திருக்கிற பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுத்தாலும் குற்றம் என்றது. அதாவது டம்ளரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அப்பா எறவாணத்து டம்ளரை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்த காலம் முழுக்க இந்தச் சட்டம் அமலில்தான் இருந்தது.

1957 மே மாதம் பெரியார் ஓட்டல் பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துக் கிளர்ச்சி தொடங்கினார். சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே வாசலில் மாதக்கணக்கில் தினமும் மறியல், தினமும் கைது. கடைசியில் பலகை இறங்கியது. பெரிய வெற்றிதான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்க ஊர் டீக்கடையில் அழிப்பதற்குப் பலகை எதுவும் இல்லை. அங்கே டம்ளர்தான் பலகை. எழுத்துத் தெரியாத அப்பா அந்தப் பலகையை எட்டு வயதிலேயே வாசித்துவிட்டார். கடைக்காரர் பிராமணரும் இல்லை.

பெரம்பலூர் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. அரியலூர் 2001-இல் அதிலிருந்து பிரிந்து, 2002-இல் மறுபடி சேர்ந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. மாவட்டத்தைப் பிரிக்கவும் சேர்க்கவும் கோட்டையில் ஒரு கையெழுத்துப் போதும். இரண்டு டம்ளரை ஒன்றாக்கக் கையெழுத்து போதவில்லை. சங்கம் வைத்து, அடிபட்டு, வழக்குப் போட்டு, பையன்கள் படித்து வெளியூர் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்துதான் ஊர் ஊராக அது போனது. எங்க ஊரில் டம்ளர் போன இடத்துக்கு பேப்பர் கப் வந்தது. எங்களுக்குக் கப், அவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். கேட்டால் 'சுத்தம்' என்றார்கள். ஒருநாள் எங்கள் பையன்கள் ஆறு பேர் உள்ளே போய், 'எங்களுக்கு சுத்தம் வேணாம், டம்ளரு குடு' என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம் கடை நின்றது. பிறகு எல்லோருக்கும் கப்பே ஆகிவிட்டது. அவர்களும் எங்களோடு கப்பில் குடிக்கச் சம்மதித்தார்கள், எங்களுக்கு டம்ளர் கொடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

4

சரி, உட்கார்ந்துவிட்டோம். இப்போது நான் அரியலூரில், பெரம்பலூரில் எந்த மெஸ்ஸிலும் போய் உட்காரலாம். சிமெண்ட் லாரி டிரைவர் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். ஆள் உள்ளே போயாச்சு. ஆனால் அடுப்பில் எங்க ஆயா சட்டி ஏறியதா?

மெஸ் பலகையில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். தலைக்கறி, குடல், ஈரல், ரத்தப் பொரியல். எல்லாம் ஆடு. ஆட்டு ரத்தம் பலகையில் ஏறும், மாட்டு ரத்தமும் பன்றி ரத்தமும் ஏறாது. வாணலியில் போட்டால் எல்லா ரத்தமும் கறுத்துத்தான் போகும். பலகையில் மட்டும் ரத்தத்துக்குச் சாதி வந்துவிடுகிறது. பெரிய கறி வேண்டுமென்றால் ஊருக்கு ஒதுக்குப்புறமாகப் பலகை இல்லாத கடைக்குப் போக வேண்டும், கறுப்புக் கேரிபேக்கில் சுற்றி வாங்கிவர வேண்டும்.

கல்யாணமாகிப் பெரம்பலூர் டவுனில் வாடகைக்கு வீடு பார்த்தபோது வீட்டுக்காரர், 'நான்வெஜ் பரவால்ல. வேற எதுவும் சமைக்க மாட்டீங்கள்ல?' என்றார். அந்த 'வேற எதுவும்' என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் அந்த வீட்டில் ஜன்னலைச் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி வைத்துத்தான் கறி சமைத்தோம். சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணர் வீடு வரும். பசியில் குப்பைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, மற்றவர் பார்த்துவிடுவார்களே என்று வெட்கப்பட்டு, வாசலை அடைத்துக்கொண்டு தின்பார்கள். கல்லூரியில் அதை நடத்தின பேராசிரியர் 'வறுமையின் சித்திரம்' என்று ரசித்து ரசித்துச் சொன்னார். எனக்கு அது ஊதுபத்தி வாசனையோடுதான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் வறுமைக்காகச் சாத்தினார்கள். கையில் சம்பளம் வைத்துக்கொண்டு நான் எதற்காகச் சாத்தினேன்? அதே சங்க இலக்கியத்தில், அகநானூற்றில், மழவர் ஆவைக் கொன்று தின்றதும் இருக்கிறது. அதை எந்தப் பேராசிரியரும் ரசித்து நடத்தினதில்லை.

இப்போது நெடுஞ்சாலை ஓரங்களில் 'பாரம்பரிய உணவகம்' என்று கடைகள் வந்திருக்கின்றன. கம்மங்கூழ், வரகுச் சோறு, கேழ்வரகுக் களி, மண்சட்டியில். ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் இன்னும் அதிகமாயின. நல்லது. ஆனால் அரிசிச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கண்ட எங்கள் ஆட்கள் களத்துமேட்டில் கையேந்திக் குடித்த கூழ் இது. அதைக் குடித்ததற்காகவே 'கூழுக்குப் பொறந்தவன்' என்று ஏச்சு வாங்கினவர்கள் அவர்கள். இப்போது கூழ் பாரம்பரியமாகிவிட்டது. கூழுக்குத் தொட்டுக்கொண்ட உப்புக்கண்டம் மட்டும் இன்னும் பாரம்பரியம் ஆகவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டார்கள், சட்டிக்குள் இருந்ததில் பாதியைக் கொட்டிவிட்டார்கள்.

அரசாங்கமும் இதைத்தான் செய்தது. 2022 மே மாதம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணி எவ்வளவு விற்கிறது என்று அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். திருவிழாவில் அதற்கு இடமில்லை என்றார்கள். தலித் அமைப்புகளும் முஸ்லிம்களும் கேள்வி கேட்டார்கள். மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது, இது பாகுபாடுதான் என்றது. அரசு நடத்தும் பந்தியில் ஒரு மக்களின் உணவை ஒதுக்குவது அந்த மக்களை ஒதுக்குவதே என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம். நம் தோழர்கள் இதை மறக்கக் கூடாது.

5

பிலிப்பைன்ஸ்காரர்கள் மட்டும் வெட்கமே இல்லாமல் பிறந்தவர்களா? இல்லை. அவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

முந்நூறு வருஷத்துக்கு மேல் ஸ்பெயின்காரன் ஆண்டான். 1898-இல் அமெரிக்காக்காரன் வந்தான், 1946 வரை இருந்தான். 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்தில் ஒரு உலகக் கண்காட்சி நடந்தது. பிலிப்பைன்ஸ் மலைமக்களான இகோரோட்டுகளைக் கூட்டிப்போய்க் குடிசை கட்டிக் கொடுத்து உட்கார வைத்தார்கள். அவர்கள் சடங்குக்கு எப்போதாவது தின்கிற நாய்க்கறியைத் தினசரி தின்ன வைத்து, டிக்கெட் வாங்கின கூட்டத்துக்கு வேடிக்கை காட்டினார்கள். பார், இதைத் தின்கிறவனை நாம்தானே ஆள வேண்டும் என்பதுதான் அந்தக் காட்சியின் பாடம். நம் நாட்டில் அந்தப் பாடத்துக்கு டிக்கெட்டும் கிடையாது, கண்காட்சியும் கிடையாது. தினமும் தெருவிலேயே நடத்தினார்கள்.

லக்கி பிளாசாவில் எங்கள் பக்கத்து மேசையில் சுடுகல்லில் பொரிந்துகொண்டு ஒன்று வந்தது. சிசிக். பன்றியின் காதும் கன்னமும் ஈரலும் பொடியாக நறுக்கியது. பம்பாங்கா மாகாணத்தில் ஏஞ்சல்ஸ் என்று ஒரு நகரம், பக்கத்திலேயே கிளார்க் என்ற அமெரிக்க விமானப்படைத் தளம் அப்போது இருந்தது. தளத்துச் சமையலறைக்குப் பன்றியின் தலை தேவைப்படாது. அந்தத் தலைகளை அந்த ஊர்க்காரர்கள் சல்லிசாக வாங்கிவந்து சமைத்தார்கள். 1970-களில் ரயில் தண்டவாளத்து ஓரம் கடை போட்டிருந்த லூசியா குனானன் என்ற பெண், ஊரார் அழைத்தது அலிங் லூசிங், அந்தக் காதைச் சுட்டு நறுக்கி சிசிக்கை இன்றைக்கு இருக்கிற பக்குவத்துக்குக் கொண்டுவந்தார். எஜமான் எறிந்த தலை. இன்று அந்த நாட்டின் பெருமைமிக்க பதார்த்தங்களில் அது ஒன்று.

செத்த மாட்டை இழுத்துப்போடு என்று நம்மிடம் தள்ளினார்கள். தலையும் குடலும் காலும் ரத்தமும் நமக்கு. அதைச் சுத்தம் பண்ணி, மஞ்சள் போட்டு அலசி, பக்குவம் கண்டுபிடித்தது எங்க ஆயாக்கள். ஒரு மாட்டுக் குடலைத் திருப்பிப்போட்டுக் கழுவ எங்க ஆயாவுக்கு அரை நாள் ஆகும். அந்தக் கைப்பக்குவத்துக்கு எந்த ஊரும் மாலை போடவில்லை, 'நாத்தம்' என்றுதான் சொன்னது.

அங்கேயும் எல்லோரும் எல்லாம் தின்பதில்லை. மிந்தனாவோ முஸ்லிம்கள் பன்றியைத் தொட மாட்டார்கள். இக்லேசியா நி கிறிஸ்டோ என்ற கிறிஸ்தவ சபையார் ரத்தம் சாப்பிட மாட்டார்கள். தின்னாதவர் வேறு பாத்திரத்தைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். நான் இருந்த நேரத்தில் அந்தக் கடையில் ஒருவரும் அடுத்தவர் சட்டியை மறைக்கச் சொல்லவில்லை.

சொர்க்கம் என்று எழுதினால் பொய். மேசை கிடைக்காத பெண்கள் வெளியே நடைபாதையில் அட்டையை விரித்துப்போட்டுச் சாப்பிட்டார்கள். ஆறு நாள் அடுத்தவர் வீட்டு அடுப்பில் வேலை, ஏழாம் நாள் அட்டையில் சாப்பாடு. வாரம் ஒருநாள் லீவு என்பதே சிங்கப்பூர்ச் சட்டத்தில் 2013-இல்தான் வந்தது. அதையும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள எஜமானுக்கு வழி வைத்திருந்தார்கள். வர்க்கம் எங்கே போகும்? ஆனால் அட்டையில் உட்கார்ந்தவளும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். மூடிவைத்துத் தின்ன வேண்டிய சோறு அவளிடம் இல்லை.

6

திரும்பும்போது ரயிலில் தம்பி ஒரு கேள்வி கேட்டான். 'ஏண்ணே, நம்ம தெருவுக்குப் பின்னாடி சக்கிலியர் வீடு ஏழு இருக்கு. அவுங்க வீட்ல நாம கை நனைச்சிருக்கமா?'

எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷமாக மேடை மேடையாக இரட்டை டம்ளர் பற்றிப் பேசுகிற தெரு எங்களுடையது. நானே பேசியிருக்கிறேன். எங்கள் தெருக் கல்யாணத்தில் அவர்கள் வந்து சாப்பிட்டிருக்கிறார்கள், கடைசிப் பந்தியில். அவர்கள் கல்யாணத்துக்கு நாங்கள் மொய் வைத்துவிட்டு, 'வயிறு சரியில்ல' என்று சொல்லித் திரும்பியிருக்கிறோம். எங்க வீட்டு எறவாணத்தில் டம்ளர் சொருகியிருக்கவில்லை. ஆனால் அந்த 'வயிறு சரியில்ல' என்ன? அதுவும் ஒரு டம்ளர்தான். இதை இந்த இதழில் எழுதக் கூடாது, எதிரிக்குக் கொண்டாட்டம் ஆகிவிடும் என்று ஒரு தோழர் சொன்னார். எழுதாமல் இருந்தால் எதிரிக்கு இன்னும் கொண்டாட்டம் என்று நினைக்கிறேன்.

ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்து அப்பாவை அந்த நெடுஞ்சாலை 'பாரம்பரிய உணவக'த்துக்குக் கூட்டிப்போனேன். பனையோலை விசிறி, கயிற்றுக் கட்டில், சுவரில் ஏர் மாட்டி வைத்திருந்தார்கள். அப்பா ஏரைப் பார்த்தார். 'நொவத்தடி இல்லாம மாட்டியிருக்கான்' என்றார். பையன் வந்து, 'என்ன வேணுங்க ஐயா?' என்று கேட்டான். அப்பாவை ஒருவன் 'ஐயா' என்று கேட்கிறான். அப்பா வாயைத் திறக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த கூழ்ச்சட்டியை நோக்கி விரலை நீட்டினார். கூழ் வந்தது, மோர்மிளகாயும் வெங்காயமும் வந்தன. குடித்து முடித்துவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கழுவிவைக்கக் குழாயைத் தேடினார். பையன் ஓடிவந்து, 'வைங்கய்யா, நாங்க எடுத்துக்குவோம்' என்றான். அப்பா சட்டியைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

இந்த ஏப்ரல் 14-க்கு எங்கள் தெருவில் கூட்டம் மட்டும் போதாது, பந்தியும் வைப்பது என்று இளைஞர் மன்றத்தில் பேசி முடிவெடுத்தோம். வாசல்களில் அல்ல, மெயின் ரோட்டில் அம்பேத்கர் படத்துக்கு முன்னால். சட்டிகளைத் துணி போட்டு மூடாமல் வரிசையாக வைப்பது. குடல், ரத்தம், உப்புக்கண்டம், கூழ், காய்கறி தின்கிறவர்களுக்குக் கீரை. பின்தெரு ஏழு வீட்டுக்காரர்களிடம் போய் நின்று, சமையல் உங்கள் கையால் ஆகட்டும் என்று கேட்டோம். உடனே சரி என்று சொல்லவில்லை. 'யோசிச்சுச் சொல்றோம்' என்றார் அந்தத் தெருப் பெரியம்மா. அவர் யோசிக்கத்தான் வேண்டும். இத்தனை வருஷம் நாங்கள் அவர் சோற்றை யோசித்திருக்கிறோம்.

அப்பாவிடம் சொன்னேன். 'கதவத் தொறந்து வெச்சுத் திங்கவே எனக்கு இன்னும் பழவல, ரோட்லயாடா?' என்றார். கொஞ்சம் பொறுத்து, 'யாரு வேணா வரலாமா?' என்று கேட்டார்.

யார் வேண்டுமானாலும் வரலாம். படிக்கிற நீங்களும் வரலாம். பெயர் தெரியாவிட்டால் விரலைக் காட்டினால் போதும், தட்டு கைக்கு வரும். அந்தப் பெண் எங்களைக் கூப்பிட்ட மாதிரிதான் கூப்பிடுகிறேன். வாங்க, சாப்பிடலாம்.